பார்க்க: ஊழியம்

இரணியலுக்கு மேற்கே, ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில்
சபை. அதன் வெஸ்ட்ரி அறையில்
புல்கூட்டு மாடுகளுக்கும்
கிழிந்த நட்சத்திர விளக்குகளுக்கும் அடியில்
மூன்று தகரப் பெட்டி.
எனக்குப் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்.
ஸ்கேன் செய்யணும், பொருள் எழுதணும்,
பொருள் விளங்காவிட்டால் 'பல்வகை' என்று போடணும்.

போதகர் ஏசாக்கு தேவபிச்சை
புதுத்தாள் வாங்கியதாகவே தெரியவில்லை.
கல்யாணக் கடிதங்களின் முதுகு,
மின்வாரிய ரசீது,
ஓய்வுநாள் பள்ளி வினாத்தாள்,
ஒரு மருந்துச் சீட்டு: சர்க்கரை இருநூற்று நாற்பது,
மறுபுறம் வள்ளியாற்று மடையொன்றின் நீள அகலம்.
பேனா மட்டும் நல்ல பேனா.
றகரத்தின் வாலை அடுத்த வரிவரை இழுத்துவிடுவார்.

அடக்கத்துக்குப் போன வீடுகளில்தான்
அதிகம் எழுதியிருக்கிறார்.
சாவுக்குப் பிறகுதானே பழைய பிரமாணங்களை
வெளியே எடுக்கிறார்கள்.
'மாலை நாலு, அடக்கம்.
ஐந்தேகால், ஒற்றிச்சீட்டு நகல்.
கருப்பட்டிக் காப்பி தந்தார்கள்.'

பொருளடைவுக்கென்று
நானூற்றுச் சொச்சம் அட்டை.
உப்பு: பார்க்க வரி.
வரி: பார்க்க தலை.
ஊழியம்: பார்க்க ஊழியம்.
தூக்கத்தில் எழுதினதாக்கும் என்று
தனியே சிரித்தேன்.

மறுநாள் இரண்டும் கிடைத்தன.
முதல் அட்டை, யாரோ ஒரு ராஜபாண்டியின் கல்யாணத்துக்குப் பின்னால்:
'ஊழியம், சர்க்காருடையது. கூலி கிடையாது.
கொட்டாரத்துக்கு விறகு, ஓலை, ஆள்சுமை.
ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. வராதவனுக்கு அடி.
என் பாட்டனுக்குப் பாட்டன் போனான்.'
இரண்டாவது:
'ஊழியம், சபையுடையது. அறுபத்தொன்று ஜூன் முதல் நான்.
சம்பளம் மூன்று மாதம் பாக்கி.
இதுவரை அடிக்கவில்லை.'

மூன்றாம் பெட்டியின் அடியில்
துருவேறிய குண்டூசி குத்திய நாலு தாள்.
ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கம்,
கொல்லம் ஆயிரத்து இருபத்துமூணு, ஆவணி.
பெயர் மார்த்தாள்.
வயது ஏழிருக்கும் என்று ஊகம்.
தகப்பன் பெயருக்கான கட்டத்தில்
பதினெட்டுப் பணம்.
அதையடுத்து, கொடுத்து வாங்கியவர் வீட்டுப்பேர்.
மணிக்கூண்டுச் சலவைக்கல்லில்
'உபயம்' என்ற சொல்லுக்குக் கீழே
நேற்றும் அதைப் பார்த்தேன்.

அடுத்த தாள், கமிட்டியின் கடிதம்:
ஆண்டுவிழா மலரில் மேற்படி வரி வேண்டாம்,
மூலத்திலும் அழித்துத் தரவும், ஏகமனதாகத் தீர்மானம்.
மலரைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.
வரி இல்லை.
அந்த இடத்தில் திங்கள்சந்தை ஜவுளிக்கடை விளம்பரம்.
கீழ்ப்படிந்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் கோபம்.
ஆனால் மூலத்தை அவர் தொடவில்லை.
அழிக்கச் சொன்ன கடிதத்தின் மேலே
நீண்ட வால் றகரத்தோடு, தேதியிட்டு,
'பெற்றுக்கொண்டேன். காப்பில் வைக்கிறேன்.'
மூன்றாவது தாள், பேச்சிப்பாறைக்கு மேலே
மலைச்சபைக்கு மாற்றல் உத்தரவு.

நாலாவது ஒரு அட்டை.
மார்த்தாள்: பார்க்க ஊழியம்.
எந்த ஊழியம் என்று இல்லை.

தட்டச்சு செய்தேன்.
இரட்டைப் பதிவு, ஒன்றை நீக்கவா என்று
கம்ப்யூட்டர் கேட்டது.
அப்போது கதவுக்கு வெளியே குடையை உதறிக்கொண்டு
காரியதரிசி நின்றார். அந்த வீட்டுக்காரர்.
நல்ல மனுஷன், மத்தியானம் மரச்சீனியும் மீனும் அனுப்பியிருந்தார்.
'என்ன மக்ளே, சிக்கல் ஒண்ணும் இல்லியே?'
'இல்ல. எழுத்துதான் கொஞ்சம் மங்கலு.'
அவர் பெட்டியைப் பார்க்கவில்லை.
'இந்த மாட்டுக்குக் கொம்பு ஒடிஞ்சு கெடக்கு பாரு,
டிசம்பருக்கு முந்தி ஒட்டணும்' என்றார்.
சரி என்றேன்.
அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொருமுறை
ஸ்கேன் செய்தேன், கூலி இல்லாமல்.